பரிசாக வந்த உடையைக் கடையில் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசாக ஒரு உடை வருகிறது. அளவு சரியில்லை, அல்லது அதே நிறத்தில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்கு எடுத்துப் போகிறோம். "பில் இருக்கா?" என்பதில் ஆரம்பித்து, இந்தக் கவுண்டர் இல்லை அந்தக் கவுண்டர், மேனேஜர் வரட்டும், சிஸ்டம் எடுக்கவில்லை என்று நேரம் ஓடுகிறது. கடைசியில் அதே பையோடு வீடு திரும்புகிறோம்.

துணிக்கடையில் பில் போடும் இடத்திலும், அப்புறம் துணி மாற்றித் தரும் கவுண்டரிலும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே நடக்கும் தகராறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "முடியாது" என்று சொல்பவர் ஒருவர், "சரி, கொடுத்துவிடு" என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் வேறொருவர். இது தெரியாமல் முதலில் எதிரே நிற்பவரிடமே முழு வாதத்தையும் வைத்துக் களைத்துப்போகிறோம். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் இங்கே.

மாற்றிக் கேட்பது என் உரிமையா, கடை காட்டும் சலுகையா?

துணியில் குறை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. தையல் விட்டிருக்கிறது, ஜிப் வேலை செய்யவில்லை, முதல் சலவையிலேயே சாயம் கொட்டுகிறது என்றால் சட்டம் உங்கள் பக்கம். அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால், நேரில் கடைக்குப் போய் வாங்கிய பொருளைப் பொறுத்தவரை, பெரும்பாலான நாடுகளில் கடை மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. அது கடை தானாக வைத்துக்கொண்ட விதி.

ஆனால், சலுகைதானே என்று கடை அதை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது. "30 நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம்" என்று பில்லிலோ சுவரிலோ எழுதிவைத்திருந்தால் அது வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் அவர் பணம் கட்டியிருக்கிறார். உங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கெஞ்சத் தேவையே இல்லை. எழுதியிருப்பதைக் காட்டினால் போதும்.

சில நாடுகளின் நிலவரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்வதுதான் சட்டம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க இடம் தருகிறது. சிங்கப்பூரில் 2012 முதல், வாங்கிய 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆன்லைனில் வாங்கியதைக் கையில் கிடைத்த 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம்.

வாங்கியவர் நான் இல்லையே. "வாங்கினவரையே வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பலாமா?

இந்தப் பதிலை நிறையக் கடைகள் சொல்கின்றன. மாற்றித் தர வேண்டியதை மாற்றித் தருவதற்கு வாங்கியவரின் முகம் எதற்கு? பில்லும் துணியும் பொருந்துகின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. இந்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது: வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பரிசு வாங்கிக்கொண்டவர் அதற்குள் வந்துவிடுகிறார்.

பணமாகத் திருப்பிக் கேட்கும்போது மட்டும் வாங்கியவரின் பங்கு தேவைப்படும். அதைக் கீழே சொல்கிறேன்.

பில் இல்லை. போவதில் பயன் உண்டா?

உண்டு. பில் என்பது, இந்தத் துணி இந்தக் கடையில், இந்தத் தேதியில், இந்த விலைக்கு விற்கப்பட்டது என்பதற்கான சாட்சி. அதே சாட்சி வேறு இடங்களிலும் இருக்கிறது. வாங்கியவர் பில் போடும்போது செல்போன் எண் கொடுத்திருந்தால், அந்த எண்ணை வைத்துப் பழைய பில்லை எடுக்கும் வசதி பெரும்பாலான பெரிய கடைகளின் கணினியில் இருக்கிறது. கார்டில் பணம் கட்டியிருந்தால் தேதி, தொகை, கார்டின் கடைசி 4 எண்கள் மூன்றையும் வைத்துத் தேடலாம். கடையின் உறுப்பினர் அட்டை இருந்தால் இன்னும் சுலபம். வாங்கியவருக்கு எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ பில் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அதன் ஸ்கிரீன்ஷாட்டே போதும்.

இதில் எதுவுமே இல்லை, டேக் மட்டும் அப்படியே தொங்குகிறது என்றால்? டேக்கில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால், அது கடையின் சரக்குதானா, இன்றைய விலை என்ன என்று திரையில் வந்துவிடும். எப்போது விற்றது, என்ன விலைக்கு விற்றது என்பது மட்டும் வராது. அதனால் பல கடைகள் அண்மையில் விற்ற மிகக் குறைந்த விலையைக் கணக்கில் எடுத்து, வேறு துணியாகவோ கிரெடிட் நோட்டாகவோ (அந்தத் தொகைக்கு அதே கடையில் பிறகு வாங்கிக்கொள்ளத் தரும் சீட்டு) தருகின்றன. வாங்கிய விலையைவிட அது குறைவாக இருக்கலாம் என்று தெரிந்தே போங்கள்.

டேக்கும் இல்லை, பில்லும் இல்லை என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், கடையைக் குறை சொல்ல முடியாது.

கொடுத்தவரிடம் பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது?

பொய் மட்டும் வேண்டாம். "கடையில் பில் கேட்டாங்க" என்று அவர் மேல் பழி போடுவதுபோல ஆரம்பிப்பதும் நன்றாக இருக்காது. அளவைப் பற்றிப் பேசினால் யாருக்கும் மனம் நோகாது. "துணி ரொம்ப நல்லா இருக்கு, தோள் மட்டும் கொஞ்சம் பிடிக்குது. அதே துணியில் அடுத்த சைஸ் வாங்கிக்கிறேன், பில் இருந்தா ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்றால் போதும். விலை தெரிந்துவிடுமே என்று அவர் தயங்கினால், விலை உள்ள இடத்தை மறைத்து, பில் எண்ணும் தேதியும் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் தேட அந்த இரண்டும் இருந்தாலே போதும்.

இந்தக் கூச்சத்தினால் எத்தனையோ நல்ல துணிகள் அலமாரியில் டேக்கோடு கிடக்கின்றன. கொடுத்தவருக்கும் அது நஷ்டம்தான். நீங்கள் அதை உடுத்துவீர்கள் என்றுதான் அவர் காசு செலவழித்தார்.

"சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" என்கிறார்கள். உண்மையா, தட்டிக்கழிப்பா?

இரண்டும் உண்டு. நான் அதிகமாகப் பார்த்தது மூன்றாவது வகை: கணினி மறுக்கவில்லை, அனுமதி கேட்கிறது.

திரையில் நடப்பதைச் சொல்கிறேன். கேஷியர் உங்கள் பில்லை ஸ்கேன் செய்கிறார். தேதி தாண்டியிருந்தாலோ, ஆஃபரில் விற்றதாக இருந்தாலோ, வேறு கிளையின் பில்லாக இருந்தாலோ, சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்து நின்றுவிடும். அதற்கு மேல் போக மேலதிகாரியின் கடவுச்சொல்லோ அட்டையோ வேண்டும். கேஷியரால் அந்தச் செய்தியைத் தாண்டிப் போகவே முடியாது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. மேலதிகாரியைக் கூப்பிட்டால், "இதுக்கெல்லாம் என்னை ஏன் கூப்பிடறே" என்று அவருக்குத் திட்டு விழும். அவர் வாயில் வரும் சுலபமான சொல், "சிஸ்டம் எடுக்கலை."

அதனால் அந்த இடத்தில் கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திரையில் என்ன காரணம் காட்டுது? யார் அனுமதி கொடுத்தா இது போகும்?" இந்தக் கேள்விக்கு வழவழவென்று பதில் சொல்ல முடியாது. "ஃப்ளோர் மேனேஜர்" என்று ஒரு பதில் வரும். அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வரிசைக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள். கேஷியருக்கும் அது உதவி.

உண்மையாகவே சிஸ்டம் சிக்கல் செய்யும் நேரங்களும் உண்டு. பழைய சீசன் துணிகளின் குறியீட்டைச் சில கடைகள் கணினியிலிருந்து எடுத்துவிடும். அப்போது பார்கோடு எதையும் காட்டாது. டேக்கில் பார்கோடுக்குக் கீழே உள்ள எண்ணைக் கையால் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசங்கிய பார்கோடு ஸ்கேனரில் விழாமல், எண்ணை அடித்ததும் வந்துவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால்?

வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நீங்கள் இன்று வந்தீர்கள் என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும், முக்கியமாகக் கெடு முடியப்போகிறது என்றால். பில்லின் பின்பக்கம் அன்றைய தேதி, "மாற்றித் தரக் கேட்டு வந்தார்" என்ற ஒரு வரி, ஊழியரின் கையெழுத்து இருந்தால் போதும். எழுதித் தரத் தயங்கினால், அங்கேயே நின்று கடையின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நாளை வரும்போது யாரைப் பார்க்க வேண்டும், அவர் எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை, நாளை என்று அலைய விட்டுக் கெடுவைத் தாண்ட வைப்பது கடையின் தந்திரமாக எப்போதும் இருக்காது. ஆனால் நடந்து முடிந்தபின் அந்த வித்தியாசம் உங்களுக்கு எதற்கு உதவும்? தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

துணியை முகர்ந்து பார்க்கிறார்கள், திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். திருடனைப்போல நடத்துகிறார்களே?

அந்த வேதனை நியாயமானது. அந்தச் சோதனைக்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு விழாவுக்கு உடுத்திவிட்டு மறுநாள் டேக்கை மாட்டிக் கொண்டுவந்து பணம் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் ஊழியர் பார்க்கும் இடங்கள் ஏறக்குறைய இவைதான்: கழுத்துப்பட்டையின் உள்பக்கம் பவுடர் அல்லது மேக்கப் கறை, அக்குளில் டியோடரன்டின் வெள்ளைத் தடம், கால் விளிம்பில் தரை அழுக்கு, டேக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இழை புதிதாகக் குத்தியதா என்பது.

இது தெரிந்தால் போட்டுப் பார்க்கும்போதே கவனமாக இருக்கலாம். பவுடரும் வாசனைத் திரவியமும் போடுவதற்கு முன்னால், குளித்து உலர்ந்த உடம்பில் போட்டுப் பாருங்கள். டேக்கை வெட்டாதீர்கள். மடிப்பு அட்டை, காலர் பிளாஸ்டிக், கூடுதல் பட்டன் இருக்கும் சின்னப் பை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். கடை அதைத் திரும்ப விற்க வேண்டும் என்றால் இவையெல்லாம் வேண்டும்.

ஆனால் பத்துப் பேர் பார்க்க ஒருவரின் துணியைத் தூக்கிப் பிடித்து, "போட்டீங்களா?" என்று உரக்கக் கேட்பது சோதனை இல்லை, அவமதிப்பு. அதைச் சொல்லலாம்: "பாருங்க, தாராளமா பாருங்க. மெதுவா கேளுங்க, பதில் சொல்றேன்."

இப்போது அதே துணி தள்ளுபடியில் பாதி விலை. எனக்கு எந்த விலை?

பில் இருந்தால், பில்லில் கட்டிய விலைதான் கணக்கு. இன்றைய விலையைச் சொல்லி மடக்கப் பார்த்தால் விடாதீர்கள். அதே துணியில் வேறு அளவு மட்டும் கேட்கிறீர்கள் என்றால் விலையைப் பற்றிய பேச்சே வரக் கூடாது. அளவுக்கு அளவு, அவ்வளவுதான். விலை ஏறியிருந்தாலும் அப்படித்தான் செய்யும்படி கேளுங்கள். பெரும்பாலும் மேனேஜர் ஒத்துக்கொள்வார்.

வாங்கும்போது "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது போன்ற ஆஃபர் இருந்திருந்தால் கணக்கு சிக்கலாகும். மொத்தத் தொகையைத் துணிகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையைக் கணினி போட்டு வைத்திருக்கும். டேக் விலை உங்களுக்குக் கிடைக்காது. பில்லில் அந்தத் துணிக்கு நேரே உள்ள நிகரத் தொகையைப் பாருங்கள், அதுதான் உங்களுடையது.

பணமாகவே கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் பணம் வந்த வழியிலேயே திரும்பும். கார்டில் கட்டியிருந்தால் அந்தக் கார்டுக்கே போகும். அதாவது பரிசு கொடுத்தவரின் கணக்குக்கு. அவர் செல்போனுக்கு "பணம் திரும்பச் செலுத்தப்பட்டது" என்று செய்தி போய்ச் சேரும், நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் திருட்டுக் கார்டைப் பயன்படுத்துவதையும் தடுக்கவே இந்த ஏற்பாடு. கடை நினைத்தாலும் மாற்றுவது கஷ்டம். பரிசு வாங்கியவருக்கு வேறு துணியோ கிரெடிட் நோட்டோதான் ஏற்றது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிரெடிட் நோட் கொடுத்தார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

காலாவதித் தேதி. எல்லாக் கிளைகளிலும் செல்லுமா. ஆன்லைனில் செல்லுமா. ஒரே தடவையில் முழுத் தொகைக்கும் வாங்க வேண்டுமா, மிச்சம் நிற்குமா. தள்ளுபடி நேரத்தில் செல்லுமா.

இன்னொன்று, அந்தச் சீட்டு பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். துணியில் குறை இருந்து கொண்டுபோனீர்கள் என்றால் கிரெடிட் நோட்டோடு திருப்தி அடைய வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆன்லைனில் வாங்கியதைக் கடையில் மாற்றலாமா? வேறு கிளையில்?

வாசலில் ஒரே பெயர்ப் பலகை இருந்தாலும் உள்ளே முதலாளி வேறாக இருக்கலாம். சில கிளைகளை நிறுவனமே நடத்தும். சிலவற்றை ஃபிரான்சைஸ் எடுத்த வேறொருவர் நடத்துவார். ஒருவர் விற்ற துணியை இன்னொருவர் திரும்ப எடுத்தால் அவர் கையிலிருந்துதான் பணம் போகும். ஆன்லைன் சரக்கும் பல இடங்களில் தனிக் கணக்கு. வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒரு போன் போட்டு, "இந்தப் பில் எண், உங்கள் கிளையில் மாற்ற முடியுமா?" என்று கேட்டுவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம். பதில் சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு வந்த உடைகள். போட்டுப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் மனக்குறையாக இருக்கும் விஷயம் இதுதான். குழந்தை பிறந்த வீட்டுக்கு உடைகள் குவியும். பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவு, முதல் மூன்று மாதத்துக்கானது. தாய் தூக்கமில்லாமல் இருக்கும் நாள்கள் அவை. யாரும் பையைப் பிரித்து பில் தேதி பார்க்கப்போவதில்லை. பிரிக்கும்போது குழந்தை அந்த அளவைத் தாண்டியிருக்கும், கடை சொன்ன நாளும் தாண்டியிருக்கும்.

ஒரு பெண் கையில் குழந்தையோடு கவுண்டருக்கு வந்தார். பிரிக்காத உறையில் நான்கு சின்னச் சட்டைகள். கெடு தாண்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பணம் வேண்டாம், இதே சட்டைகள் ஒரு வயது அளவில் கிடைத்தால் போதும் என்றார். அந்த அளவு அலமாரியில் இருந்தது, சரக்கு உறைகூடக் கலையவில்லை, கடைக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. "ரூல் ரூல்தான்" என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்தக் கடைக்கு அவர் திரும்ப வந்து நான் பார்க்கவில்லை.

குழந்தை உடைகளுக்கு என் யோசனை: உறையைப் பிரிக்காமலே அளவை மட்டும் பாருங்கள். ஒரே அளவில் நிறைய வந்திருந்தால் வீட்டில் வேறு யாராவது முதல் வாரத்திலேயே கடைக்குப் போய்ப் பெரிய அளவுக்கு மாற்றி வரட்டும். குழந்தைக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை, வளரத்தானே போகிறது. கெடு தாண்டியிருந்தாலும், "பணம் வேண்டாம், இதே துணியில் பெரிய அளவு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் இதற்கு மனம் இறங்குவார்கள்.

சாயம் போகிறது, தையல் விட்டது. "நீங்க துவைச்ச விதம் சரியில்லை" என்கிறார்கள்.

துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னப் பட்டையைப் பாருங்கள். வாளி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று குறிகள் இருக்கும். பல நாடுகளில் இந்தக் குறிகள் ஐஎஸ்ஓ 3758 என்ற தரநிலையைப் பின்பற்றுகின்றன. வாளிக்குள் 30 என்றால் 30 டிகிரி வரைக்கும் துவைக்கலாம். வாளிக்குள் கை முக்கியிருக்கும் படம் என்றால் கையால் மட்டும். இந்தக் குறிகள் சொன்னபடி துவைத்தும் கெட்டுப்போனால் குறை துணியில்தான். அதைச் சொல்லி வாதாடுங்கள். "நான் நல்லாத்தான் துவைச்சேன்" என்பதைவிட, "பட்டையில் 30 டிகிரி போட்டிருக்கு, 30-ல்தான் துவைத்தேன்" என்பது பலமான பேச்சு.

துவைக்காமலே சாயத்தைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உடையின் உள்தையல் ஓரத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். ஆய்வகங்களிலும் இதே முறையில் கருவி வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். வெள்ளையில் அழுத்தமாக நிறம் ஏறினால் அந்தத் துணியையும் கையில் எடுத்துப் போங்கள். அடர்நீல ஜீன்ஸுக்கு மட்டும் இந்த வாதம் செல்லாது. அது முதல் சில சலவைகளில் நிறம் விடும். தனியாகத் துவையுங்கள் என்று டேக்கிலேயே போட்டிருப்பார்கள்.

தையலுக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. விட்ட இடத்தைக் காட்டுங்கள். அதற்கு முன் நீங்களே தைத்தோ தையல்காரரிடம் கொடுத்தோ சரிசெய்துவிடாதீர்கள். அதன்பின் எந்தக் கடையும் ஏற்காது.

உள்ளாடை, நீச்சல் உடை?

சுகாதாரக் காரணத்தால் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். குறை இருந்தால் மட்டும் கேட்கலாம்.

மரியாதை இல்லாமல் பேசிவிட்டார்கள். கத்திவிட்டு வந்தேன். சரியா?

கோபம் வரத்தான் செய்யும். கத்தினால் அங்கே என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். மேனேஜர் வருவார், வந்ததும் அவர் முன்னால் இருக்கும் பிரச்சினை துணி அல்ல, கத்துகிற ஒருவர். அவர் தன் ஊழியர் பக்கம்தான் நிற்பார். உங்கள் பில்லை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதைவிட, பேசியதை அப்படியே எழுதுங்கள். எழுத்தில் உள்ளதை மேலிடம் மறுக்க முடியாது. நீளமாக வேண்டாம்: "இன்று மாலை இத்தனை மணிக்கு உங்கள் இந்தக் கிளைக்கு வந்தேன். பில் எண் இது. சட்டையின் அளவை மாற்றித் தரும்படி கேட்டேன். 30 நாள்களுக்குள் மாற்றலாம் என்று பில்லில் அச்சிட்டிருக்கிறது; இன்று 12-ஆவது நாள். காரணம் சொல்லாமல் மறுத்தார்கள். 'ஓசியில் வந்ததுக்கு இவ்வளவு பேச்சா' என்று ஊழியர் சொன்னார். சட்டையை மாற்றித் தர வேண்டும். 7 நாள்களுக்குள் பதில் வேண்டும்." அவ்வளவுதான். உங்கள் மனவேதனையை ஒரு வரியில் சொல்லலாம். ஒரு பக்கத்துக்குச் சொன்னால் என்ன கேட்கிறீர்கள் என்பது அதில் மூழ்கிவிடும்.

ஊழியர் சொன்ன அந்த வார்த்தையை நான் கற்பனை செய்யவில்லை. பரிசாக வந்த துணியை மாற்ற வருபவர் இலவசமாக எதையோ கேட்க வந்தவர்போல ஒரு பார்வை பல கவுண்டர்களில் இருக்கிறது. அந்தத் துணிக்கு முழு விலையும் கடைக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டியவர் யார் என்பதால் அந்தப் பணத்தின் மதிப்பு குறையாது.

மேலிடமும் பதில் தரவில்லை. அப்புறம்?

துணியில் குறை இருந்தாலோ, எழுதிவைத்த விதியைக் கடையே மீறினாலோ உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம். இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. கார்டில் வாங்கியிருந்தால், கார்டு உள்ளவர் தன் வங்கியிடம் அந்தத் தொகையைத் தகராறாகப் பதிவு செய்யலாம். அதைப் பரிசு கொடுத்தவர்தான் செய்ய முடியும்.

ஒரு சட்டைக்காக இவ்வளவா என்றால், பல சமயம் வேண்டாம் என்பதுதான் என் பதில். அளவு மாறிய குறையில்லாத துணிக்கு நல்ல தையல்காரர் ஒருவர் போதும். தையலுக்கு உள்ளே துணி மிச்சம் வைத்திருந்தால் ஒரு விரல் அகலம்வரை பிரித்துத் தர முடியும். தையல் விட்ட துணியைக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் மட்டும் விடாதீர்கள்.

நான் பரிசு கொடுக்கிறவர். வாங்கும்போது என்ன செய்யலாம்?

பில் போடும்போதே விலை இல்லாத பரிசு ரசீது கிடைக்குமா என்று கேளுங்கள். பல கடைகளில் ஒரு பட்டனை அழுத்தினால் வந்துவிடும், கேட்காததால் தருவதில்லை. அதைத் துணியின் மடிப்புக்குள் வைத்துவிடுங்கள். "சைஸ் சேரலைன்னா தாராளமா மாத்திக்கோ" என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் எதிரில் இருப்பவரின் கூச்சம் போய்விடும். முன்கூட்டியே வாங்கி வைக்கிறீர்கள் என்றால், கெடு பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். கொடுக்கும் நாளைச் சொல்லி, அதுவரை நீட்டித் தருவீர்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடை நடத்துகிறேன். நான் என்ன மாற்ற வேண்டும்?

இதைக் கேட்ட முதலாளிகள் குறைவு, ஆனால் கேட்டவர்கள் உண்மையிலேயே கேட்டார்கள். கவுண்டரில் நிற்பவருக்கு ஒரு வரம்பு வரை தானே முடிவெடுக்கும் அதிகாரம் கொடுங்கள். அதே துணி, வேறு அளவு, டேக் இருக்கிறது என்றால் யாரையும் கூப்பிடாமல் அவரே மாற்றித் தரட்டும். தகராறில் பாதி அன்றோடு நின்றுவிடும். மாற்றும் விதியை பில்லின் பின்னால் பொடி எழுத்தில் போடாமல் முன்னால் போடுங்கள். "முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் முதல் நிமிடத்திலேயே, காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். மக்கள் மறுப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு மறுப்பதைத்தான் பொறுப்பதில்லை. மாற்றித் தந்த கணக்கை ஊழியரின் விற்பனை இலக்கிலிருந்து கழிக்காதீர்கள். மாற்றித் தந்தால் தன் ஊக்கத்தொகை குறையும் என்றால், யார்தான் சிரித்த முகத்தோடு மாற்றித் தருவார்?

மாற்றிவிட்டேன். கொடுத்தவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்ததில் வாங்கிய புதுத் துணியைப் போட்டு ஒரு போட்டோ அனுப்பி, "நீங்க கொடுத்ததுதான், சைஸ் மாத்தினேன், சரியா இருக்கு" என்று எழுதினால் போதும். அடுத்த முறை உங்களுக்கு எந்த அளவு வாங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.